லீக்... கொஸ்டின் பேப்பர் இல்ல, ஆக்ஸில்!

‘லீக்’ என்று கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? செமஸ்டர் கொஸ்டின் பேப்பரா? ஹாஸ்டல் குழாயா? எனக்கு ஒரு ஜீப்போட பின் சக்கரம் ஞாபகம் வரும். கூடவே அழுகின வெங்காயம் மாதிரி ஒரு வாடையும்!

நான் பி.காம். படிச்சவன். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ‘இவன் எதுக்கு நம்ம ஏரியாவுக்குள்ள வர்றான்’னு முறைக்காதீங்க. எங்க வீட்டுச் சோறு ஜீப்புல இருந்துதான் வருது. அப்பா போடியில ஜீப் ஓட்டுறார். அதனால டெபிட், கிரெடிட் படிக்கிறதுக்கு முன்னாடியே டிரம், ஷூ, டிஃப்ரன்ஷியல்னு எல்லாம் என் காதுல விழுந்தாச்சு. அதுல ஒரே ஒரு அயிட்டத்தைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறோம். உள்ளங்கையில அடங்குற ஒரு வளையம். பேரு, பின் ஆக்ஸில் ஆயில் சீல். விலை சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். ஆனா அது கையை விரிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சா, இனிமே எந்த வண்டியில ஏறினாலும் பின் டயரை ஒரு தடவை எட்டிப் பார்ப்பீங்க.

17 வளைவு, ஒரு கணக்கு

போடிநாயக்கனூர் பக்கம் வந்திருக்கீங்களா? வந்தா விடியறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்னு பாருங்க. கையில தூக்குச்சட்டி, தலையில துண்டு, ஜீப் ஜீப்பா ஆளுங்க மலையேறுவாங்க. நிறையப் பேர் பெண்கள். ஏலக்காய்த் தோட்டத்துல வேலை. போடிமெட்டு போறதுக்குள்ள 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினா கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறைன்னு அந்தப் பக்கம் எல்லாம் ஏலத்தோட்டம். சாயங்காலம் அதே ஜீப், அதே ஆளுங்க, அதே 17 வளைவு... இப்போ இறக்கத்துல.

ஏறும்போது கஷ்டம் என்ஜினுக்கு. இறங்கும்போது கஷ்டம் பிரேக்குக்கு. பிளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஆளுங்களோட சேர்த்து 2 டன் எடையுள்ள ஒரு வண்டி, 1,000 மீட்டர் உயரம் இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. எடை, உயரம், 9.8 மூணையும் பெருக்கினா கிட்டத்தட்ட 2 கோடி ஜூல். 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸை அஞ்சரை மணி நேரம் ஆன்லயே வெச்சா எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு! அதுல ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கும். அதனாலதான் மலை டிரைவர்கள் எந்த கியர்ல ஏறினாங்களோ அதே கியர்ல இறங்குவாங்க. மிச்சத்துல பெரும்பங்கு பிரேக் டிரம் தலையில. அந்த டிரம்முக்குள்ள எண்ணெய் ஊத்தினா? யோசிச்சுப் பாருங்க.

எண்ணெய் அங்க எப்படி வரும்னு கேக்குறீங்களா? வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. பின் சக்கரம் ரெண்டையும் சேர்க்கிற மொத்தமான இரும்புக் குழாய் ஒண்ணு இருக்கும். நடுவுல குடம் மாதிரி உப்பியிருக்கும். அதுதான் ஹவுசிங். அந்தக் குடத்துக்குள்ள கிரவுன், பினியன்னு பல்சக்கரங்கள் கியர் ஆயில்ல மூழ்கிச் சுத்திக்கிட்டு இருக்கும். அங்கிருந்து இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஷாஃப்ட் சக்கரத்துக்குப் போகும். குழாய் முனையில பேரிங். பக்கத்துலயே நம்ம ஹீரோ, ஆயில் சீல்.

அவர் வேலை ரொம்பச் சிம்பிள். ஷாஃப்ட் சுத்தணும், ஆயில் வெளியே வரக்கூடாது. சீலுக்கு உள்பக்கம் எல்லாம் வழுக்கணும். வெளிப்பக்கம் இருக்கிற பிரேக் டிரம்முல எதுவுமே வழுக்கக்கூடாது. நடுவுல காவல் காக்கிறது, ஷாஃப்ட்டை ஒட்டி நிக்கிற மெல்லிசான ஒரு ரப்பர் உதடு. அந்த உதட்டைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு ஸ்பிரிங். வெளியே ஒரு இரும்புக் கூடு. அவ்வளவுதான் ஆள்!

ஒரு குட்டி சரித்திரம். இந்தச் சீலை ஜெர்மனியில ‘சிம்மர்ரிங்’னு சொல்வாங்க. வால்தர் சிம்மர்ங்கிற இன்ஜினீயர் பேர்ல வந்தது. 1930-கள்ல இதைச் செஞ்ச ஃபிராய்டன்பெர்க் கம்பெனி அடிப்படையில ஒரு தோல் கம்பெனி. நம்ம ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி தோல் பதனிட்டவங்க. அப்போ சீலோட உதடே தோல்தான். அப்புறம்தான் செயற்கை ரப்பர் வந்துச்சு.

மூக்கு கொடுத்த வார்னிங்

2022. நான் செகண்ட் இயர். எங்க ஜீப்புல வலது பக்கப் பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற சீட்டுல வழக்கமா ஒரு அப்பத்தா உட்காருவாங்க. ஒரு நாள் இறங்கும்போது அப்பாகிட்ட கேட்டாங்க: “ஏப்பா, வண்டியில வெங்காயம் எதுவும் அழுகிக் கெடக்கா? நாலு நாளா வாடை கொடலைப் பொரட்டுது.”

“இல்லத்தா, என்னான்னு பாக்குறேன்”னு அப்பா சொன்னார்.

டார்ச் அடிச்சுப் பார்த்தா, வலது பின் டயரோட உள்பக்கம் நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் கறுப்பா கோடு கோடா ஈரம். சூரியன் படத்துல கதிர் போடுவோம் இல்லையா, அந்த மாதிரி. சக்கரம் சுத்தும்போது எண்ணெய் நடுவுல இருந்து விசிறி அடிச்சா இப்படித்தான் கோலம் போடும். மேல ரோட்டுப் புழுதி வேற அப்பி, சேறு மாதிரி கிடந்தது.

இங்க ஒரு முக்கியமான பாயின்ட். பின் சக்கரத்துல ஈரம் தெரிஞ்சா அது கியர் ஆயிலாத்தான் இருக்கணும்னு இல்லை. வீல் சிலிண்டர் ஒழுகி பிரேக் ஆயிலும் வரலாம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல மூக்கு. கியர் ஆயில்ல பல்லுங்க தேயாம இருக்க கந்தகம் கலந்த மருந்து சேர்த்திருப்பாங்க. அதுதான் அந்த வெங்காய வாடை. அப்பத்தா மூக்கு சொன்னது நூத்துக்கு நூறு ரைட்டு! ரெண்டாவது விரல். கியர் ஆயில் கெட்டியா, பிசுபிசுன்னு இருக்கும். பிரேக் ஆயில் தண்ணியா ஓடும். மூணாவது, ஒரு டம்ளர் தண்ணி. சொட்டு விட்டுப் பாருங்க. சாதாரண பிரேக் ஆயில்னா தண்ணியில கரைஞ்சிடும். கியர் ஆயில்னா மேல மிதக்கும். நாலாவது, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. அளவு குறையலைன்னா ஒழுகறது அது இல்லை.

டெஸ்ட் எல்லாத்துலயும் பாஸானது கியர் ஆயில். அதாவது, ஆயில் சீல் அவுட்!

சீல் மாத்தினோம்... மறுபடியும் மாத்தினோம்!

அவசரத்துக்கு ரோட்டோர ஒர்க்‌ஷாப் ஒண்ணுல வண்டியை விட்டோம். ஒரே நாள்ல புது சீல் போட்டாச்சு. எண்ணெய் குடிச்ச பிரேக் லைனிங்கை பெட்ரோல் ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அதையே திரும்ப மாட்டிட்டாங்க. “சேஃப்டிக்கு ஆயில் கொஞ்சம் கூடவே ஊத்தியிருக்கேண்ணே”ன்னு சொல்லி அனுப்பினார் அந்தத் தம்பி.

மூணே வாரம். வெங்காயம் திரும்ப வந்துடுச்சு! இந்தத் தடவை பிரேக் மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்தது. ஹேண்ட் பிரேக் போட்டு மேட்டுல நிறுத்தினா மெதுவா பின்னால நகர்ந்தது. மறுபடியும் சீல், மறுபடியும் காசு. ஒரு மாசம்கூட ஓடலை, மறுபடியும் ஈரம்.

அந்தச் சாயங்காலம் அப்பா எட்டாவது வளைவுல வண்டியை ஓரங்கட்டி, எல்லாரையும் இறக்கி, வேற ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டார். காலி வண்டியை ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிக்கிட்டு வீடு வந்தப்போ ராத்திரி மணி எட்டு. சாப்பிடவே இல்லை. “பன்னெண்டு பேரு உசுரு பின்னாடி உக்காந்திருக்குடா”ன்னு மட்டும் சொன்னார். பன்னெண்டு பேர் வீட்டுல அடுப்பு எரியறதும் அந்த பிரேக்கை நம்பித்தான்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

மறுநாள் வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு, அப்பாவோட பழைய பழக்கமான ஒரு மெக்கானிக்கிட்ட போனோம். அப்பாவுக்கு அண்ணன் முறை, எனக்குப் பெரியப்பா. அறுபது தாண்டினவர். அவர் சீல் பக்கமே போகலை. அப்பாகிட்ட ஒரே கேள்வி கேட்டார்:

“தம்பி, சீல் கிழிஞ்சது சரி. ஏன் கிழிஞ்சது?”

எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்லை. முதல் ஒர்க்‌ஷாப்புல யாரும் இதைக் கேக்கவே இல்லையே!

‘புஸ்’ஸுன்னு ஒரு பதில்

பெரியப்பா வண்டி சூடா இருக்கும்போதே அடியில படுத்தார். குடத்துல ஆயில் ஊத்துற மூடியை ஸ்பேனர் போட்டு மெதுவா லூஸ் பண்ணினார். ‘புஸ்’ஸுன்னு காத்து வந்தது, சோடா பாட்டில் திறக்கிற மாதிரி. பின்னாலயே ஆயிலும் வழிஞ்சது.

“கேட்டியாடா? உள்ள மூச்சு முட்டிக் கெடக்கு.”

விஷயம் இதுதான். வண்டி ஓடும்போது குடத்துக்குள்ள இருக்கிற ஆயிலும் சூடாகும், காத்தும் சூடாகும். சூடான காத்து விரியும். அது வெளியே போக ஹவுசிங் மேல ‘பிரீதர்’னு ஒரு சின்ன மூடி வெச்சிருப்பாங்க. அதோட மூக்கு அதுதான். அந்த மூக்கு அடைச்சா? 27 டிகிரியில இருக்கிற காத்து 87 டிகிரிக்குப் போனா, கெல்வின் கணக்குல 300-லிருந்து 360. அடைச்ச இடத்துல அழுத்தம் ஐந்துல ஒரு பங்கு கூடிடும். சீலோட உதடு ஆயிலைத் தடுக்கச் செஞ்சது. அழுத்தத்தைத் தாங்கச் செஞ்சது இல்லை. காத்து வழி தேடும். இருக்கிறதுலயே பலவீனமான கதவு சீல். அதைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வெளியே வந்துடும்.

சரி, பிரீதர் ஏன் அடைச்சது? அங்கதான் காமெடி. சில மாசம் முன்னாடி எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் பண்ணினப்போ, அடிப்பக்கம் முழுக்கப் பளபளன்னு கறுப்பு பெயின்ட் அடிச்சு வாங்கியிருந்தோம். பெயின்டர் பிரீதரையும் விட்டு வைக்கலை. மூக்கு மேலயே பெயின்ட்! அதுக்கு மேல சேறு. எஃப்.சி. பாஸ், வண்டி ஃபெயில்!

இதோட நிக்கலை. ‘சேஃப்டிக்கு’ கூடவே ஊத்தின ஆயிலும் ஒரு வில்லன். சமமான தரையில வண்டி நிக்கும்போது, ஊத்துற ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் இருந்தா போதும். அதுக்கு மேல ஊத்தினா, அது குழாய் வழியா சீல் பக்கம் போய்க் குளம் கட்டும். மூணாவதா ஒண்ணு கேட்டார். “ராத்திரி வண்டியை எங்கடா நிறுத்துறீங்க?” எங்க தெரு ஓரத்துல ஒரு சாய்வு. வலது சக்கரம் எப்பவும் பள்ளத்துல. ராத்திரி முழுக்க ஆயில் வலது பக்கச் சீல் மேலயே சாய்ஞ்சு கிடந்திருக்கு. ஏன் எப்பவும் வலது பக்கமே போகுதுங்கிற மர்மமும் அவுட்!

நகம் ஒரு நல்ல கருவி

அப்புறம்தான் சக்கரத்தைக் கழட்டினார். முன் டயருக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஜாக்கியில தூக்கி, ஹவுசிங்குக்கு அடியில ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகாதீங்க ப்ளீஸ், இது ஹீரோயிசம் காட்டுற இடம் இல்லை. கழட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்தோட மேல ஒரு கை, கீழ ஒரு கை வெச்சு ஆட்டிப் பார்த்தார். பேரிங் தேய்ஞ்சிருந்தா ‘கடக் கடக்’னு ஆட்டம் தெரியும். ஷாஃப்ட்டே ஆடினா எந்தச் சீலும் நிக்காது, எத்தனை புதுசு போட்டாலும் வேஸ்ட். எங்க பேரிங் நல்லா இருந்தது.

எங்க ஜீப்புல ஹப் ஷாஃப்ட்டோட கூம்பு முனையில இறுகி உட்கார்ந்திருக்கும். அதை வெளியே இழுக்க புல்லர் வேணும். ஷாஃப்ட் முனையில சுத்தியலால அடிச்சா மரை நசுங்கிடும், அதனால பெரியப்பா சுத்தியல் பக்கமே போகலை. பின்தட்டுக்கு அடியில மெல்லிசான ஷிம் தகடுகள் இருந்தது. ஷாஃப்ட் உள்ளே வெளியே எவ்வளவு நகரலாம்னு தீர்மானிக்கிறது அதுங்கதான். “ஒண்ணு தொலைஞ்சாலும் பேரிங் கதை முடிஞ்சது”ன்னு ஒரு தட்டுல வரிசை மாறாம வெச்சுக்கச் சொன்னார். அன்னிக்கு எனக்கு அந்த ‘கேஷியர்’ வேலைதான்.

ஷாஃப்ட் வெளியே வந்ததும், சீல் உரசுற இடத்தைத் துணியால துடைச்சுட்டு என் கையைப் பிடிச்சு நகத்தை அதுமேல ஓட்டினார். லேசா ஒரு இடத்துல நகம் மாட்டுச்சு. வருஷக்கணக்கா ஒரே இடத்துல உரசி விழுந்த பள்ளம்! இரும்பு ஷாஃப்ட்டை ரப்பர் தேய்க்குமான்னு கேக்குறீங்களா? நடுவுல தூசி மாட்டினா தேய்க்கும். புது சீலை அதே பள்ளத்துல உட்கார வெச்சா முதல் நாள்லயே ஒழுகும். பள்ளம் ஆழமா இருந்தா, மேல ஒரு மெல்லிசான இரும்பு உறை மாட்டணும், இல்லைன்னா ஷாஃப்ட்டையே மாத்தணும். எங்களது லேசான பள்ளம். அதனால சீலை ஒண்ணரை மில்லிமீட்டர் தள்ளி, பள்ளம் இல்லாத இடத்துல உதடு படுற மாதிரி உட்கார வெச்சார்.

சீலை உட்கார வைக்கிறதே ஒரு கலை. ஸ்பிரிங் தெரியற பக்கம் ஆயில் இருக்கிற பக்கம் பார்க்கணும். உதட்டுல கொஞ்சம் ஆயில் தடவணும், காய்ஞ்ச உதடு முதல் சுத்துலயே கருகிடும். சீலோட வெளி அளவுக்குச் சரியா ஒரு பைப் துண்டை வெச்சு, சுத்திச் சுத்தி சமமா தட்டணும். ஒரு பக்கமா அடிச்சா கூடு கோணிக்கும்.

பிரேக் லைனிங்? ரெண்டு பக்கமும் புதுசு! வலது பக்கம் மட்டும் மாத்தினா ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது, வண்டி இழுக்கும். எண்ணெய் குடிச்ச லைனிங்கைக் கழுவினா மேல மட்டும்தான் சுத்தம். சூடு ஏறினதும் உள்ள போன எண்ணெய் திரும்ப மேல வரும். முன்னாடி பிரேக் இழுத்ததுக்குக் காரணம் அதுவும்தான். டிரம்முல இருந்த தூசியை அவர் வாயாலயோ காத்தாலயோ ஊதலை, ஈரத்துணியால துடைச்சார். பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். கடைசியா பிரேக் பைப்பை மாட்டி, ஏர் எடுத்து, பிரீதர் பெயின்டைச் சுரண்டி எறிஞ்சுட்டுப் புதுசு போட்டு, ஆயிலை அளவோட ஊத்தினார்.

அப்புறம் அப்பா காலி வண்டியை மலைக்கு ஏத்தி இறக்கிப் பார்த்தார். டயர் காய்ஞ்சு கிடந்தது. அதுக்கப்புறம்தான் ஆளுங்களை ஏத்தினார். அப்பத்தா அதே சீட்டுல உட்கார்ந்து, மூக்கை ஒரு தடவை உறிஞ்சுட்டு, ஒண்ணுமே சொல்லாம வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க. அதைவிடப் பெரிய எஃப்.சி. சர்ட்டிஃபிகேட் எது!

உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?

‘எங்கிட்ட ஜீப் இல்லையே பாஸ்’னு நீங்க சொல்றது கேக்குது. காலேஜ் பஸ் இருக்கே! அதுல பின் ஆக்ஸில் கொஞ்சம் வேற டைப். எங்க ஜீப்புல ஷாஃப்ட்டே வண்டியோட பாரத்தையும் சுமக்கும். பஸ், லாரியில பாரத்தை ஹவுசிங்கும் ஹப் பேரிங்குகளும் சுமந்துக்கும், ஷாஃப்ட் சுத்துற வேலையை மட்டும் பார்க்கும். ஆனா அங்கயும் ஹப்புல சீல் உண்டு. அது போனா எண்ணெயோ கிரீஸோ பிரேக் பக்கம்தான் போகும்.

அதனால நாளைக்குப் பஸ் நிக்கும்போது, ஏறுறதுக்கு முன்னாடி பின் டயரோட உள்பக்கத்தை ஒரு தடவை பாருங்க. கதிர் கதிரா ஈரம் தெரியுதா? பின் சீட்டுல வெங்காய வாடை வருதா? பிரேக் போட்டா பஸ் ஒரு பக்கம் இழுக்குதா? டிரைவர் அண்ணன்கிட்ட போய், “அண்ணே, வலது பின் டயர்ல எண்ணெய் தெரியுது, பாத்தீங்களா?”ன்னு பணிவாச் சொல்லுங்க. எங்க அப்பாவுக்கு அதைச் சொன்னது ஒரு இன்ஜினீயர் இல்லை, ஏலக்காய் பறிக்கிற அப்பத்தா.

இன்னொண்ணு. ‘சீல் மாத்தியாச்சு’ன்னு யாராவது சொன்னா, பெரியப்பாவோட கேள்வியைக் கடன் வாங்கிக் கேளுங்க: ஏன் போச்சு? பிரீதர் பார்த்தாச்சா, ஆயில் அளவு பார்த்தாச்சா, பேரிங் ஆட்டிப் பார்த்தாச்சா, ஷாஃப்ட்டுல நகம் ஓட்டிப் பார்த்தாச்சா? நாலுக்கும் பதில் வந்தா தைரியமா ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிங்க. வரலைன்னா? முதல் பீரியடுக்கு லேட்டானாலும் பரவாயில்லை மக்கா, அடுத்த பஸ்ஸுல போயிக்கலாம்!